ஜின்ஃபாண்டல் பற்றி சேகருக்கு

அன்புள்ள சேகர்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல், அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். மகள் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, சாப்பிட உட்காரும்போதுதான் அது ரொம்பத் தெரிகிறது.

சரி, ஒயினுக்கு வருகிறேன். நான் அனுப்பிய ஜின்ஃபாண்டல்களில் (அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்கிற சிவப்பு ஒயின்) கலிபோர்னியாவின் லோடாய் பகுதி பாட்டில் ஒன்றைத் திறந்தாய், முதல் வாயிலேயே தொண்டை எரிந்தது, மிச்ச பாட்டில்களைப் பத்து வருஷம் வைத்தால் அந்த எரிச்சல் அடங்குமா என்று கேட்டிருக்கிறாய். அடங்காது. பாட்டிலுக்குள் எத்தனை வருஷம் கிடந்தாலும் ஆல்கஹால் குறைவதில்லை, குறைவது பழ ருசிதான். பழம் வற்றிய பிறகு எரிச்சல் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் அந்த எரிச்சலில் பாதிக்கு உங்கள் ஹூஸ்டன் வெக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். உன் வீட்டு ஹாலில் 25 டிகிரிக்குக் குறையாது, இந்த ஒயினுக்கு 16, 17 போதும். குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை. கூடவே மிளகாய் தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்கா என்கிறாய், ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். மிளகாயைக் குறைத்து மிளகும் சோம்பும் கூட்டிச் செய்தால் இதே ஒயின் அருமையாகச் சேரும்.

அப்புறம் காற்று. தக்கையைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் மேஜையில் வைத்தாயாம், அதனால் எதுவும் ஆகாது, கழுத்துக்குள் காற்றுப் படுகிற இடம் அவ்வளவு சின்னது. வாய் அகன்ற ஜாடியில் உயரத்திலிருந்து ஊற்று. மூடியே கிடந்த ஒயினில் சில சமயம் தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு கந்தக வாசம் இருக்கும், அது சீக்கிரம் பறந்துவிடும். மூக்கைக் குத்துகிற ஆவியும் கொஞ்சம் தணியும். அதற்குப் பிறகுதான் மொத்தமாக ஜாம் என்று மட்டும் தெரிந்தது பிரிந்து, ப்ளாக்பெர்ரி தனியாக, மிளகு தனியாக, பீப்பாய் மரத்தின் வனிலா தனியாக வர ஆரம்பிக்கும். நெயில் பாலிஷ் வாசம் அடித்தால் மட்டும் ஜாடியை நம்பாதே, அது திராட்சை புளிக்கும் காலத்திலேயே வந்து சேர்ந்த குறை.

ஜாடியில் ஊற்றினால் ஒயினுக்கு வயதாவது வேகமாக நடக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜாடியில் சில மணி நேரத்தில் ஏகப்பட்ட ஆக்சிஜன் சேர்கிறது. பாட்டிலுக்குள் அது துளித்துளியாகத்தான் வரும், அந்த நிதானத்தில் நிறமிகளும் டானினும் (துவர்ப்பைத் தருகிற பொருள்) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ரொம்பப் பெரிதானவை அடியில் வண்டலாகத் தங்கிவிடும். ஊதா மங்கி செங்கல் நிறம் ஏறும், துவர்ப்பு மழுங்கும், புதுப்பழ வாசம் போய் உலர்ந்த அத்தி, பதனிட்ட தோல், புகையிலை என்று வேறொரு ஒயினே வந்து நிற்கும். இதை எந்த ஜாடியும் ஒரு சாயங்காலத்தில் செய்துவிட முடியாது.

எல்லா ஜின்ஃபாண்டலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது என்பதுதான் சங்கடம். இந்தத் திராட்சை ஒரே குலையில் பச்சையாகவும் பழுத்தும் வற்றியும் இருக்கும். வற்றியதெல்லாம் தொட்டியில் ஊறி மெதுவாகச் சர்க்கரையை விடும், அறுவடை அன்று கணக்கிட்டதைவிட ஆல்கஹால் ஏறிவிடும், 15, 16 சதவீதம் சர்வசாதாரணம். (14-க்கு மேல் போனால் லேபிளில் 1 சதவீதம் முன்பின் போட அமெரிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, 15 என்றிருப்பது 16 ஆகவும் இருக்கலாம்.) புளிப்பு குறைந்து வெறும் பழமும் ஆல்கஹாலுமாக இருக்கிற ஒயினைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். உன் லோடாய் அந்த ரகம், மூன்று நான்கு வயதில்தான் அதற்கு அழகு.

நான் அனுப்பியதில் மற்ற இரண்டும், ரிட்ஜ் என்ற ஒயின் கம்பெனியின் லிட்டன் ஸ்பிரிங்ஸ், வேறு ரகம். கலிபோர்னியாவிலேயே ட்ரை க்ரீக் பள்ளத்தாக்கை ஒட்டிய தோட்டம், பகலில் நல்ல வெயில், ராத்திரி கடல் குளிர், அதனால் புளிப்பு நிற்கிறது. நூறு வயது தாண்டிய கொடிகள், அந்தக் காலத்து வழக்கப்படி ஜின்ஃபாண்டலோடு பெட்டிட் சிரா, கரின்யான் என்று வேறு திராட்சைகளும் கலந்தே நட்டது. பெட்டிட் சிராவின் டானின்தான் அதற்கு முதுகெலும்பு. ஒரே திராட்சை 75 சதவீதம் இருந்தால்தான் அதன் பெயரை லேபிளில் பெரிதாகப் போடலாம், அதனால்தான் ரிட்ஜ்காரர்கள் தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு எது எத்தனை சதவீதம் என்று அடியில் எழுதுகிறார்கள். 1972-இலிருந்து அந்தத் தோட்டத்தில் ஒயின் எடுக்கிறார்கள். பத்து வயதுக்கு மேல் ஆன ஒன்றை நான் குடித்திருக்கிறேன், பிரான்ஸின் போர்டோ ஒயின் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் நம்பியிருப்பேன்.

அதனால் அந்த லிட்டன் ஸ்பிரிங்ஸ் இரண்டையும் இப்போது தொடாதே. கராஜில் மட்டும் வைக்காதே, டெக்சஸ் கோடைக்கு ஒரே வருஷத்தில் வெந்துவிடும். 13 டிகிரியில் வைக்க ஒரு சின்ன ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கிவிடு. ஒன்றை எட்டு வயதில் திற, இன்னொன்றைப் பன்னிரண்டில்.

இனி எந்த ஜின்ஃபாண்டல் வாங்கினாலும், வைக்கலாமா வேண்டாமா என்று பார்க்க நான் செய்வதைச் செய்: பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வை. மறுநாள் சாயங்காலம் பழம் அப்படியே இருந்து துவர்ப்பு மட்டும் இளகியிருந்தால் இன்னும் இரண்டு வாங்கி வைக்கலாம், தட்டையாகிச் சூடு மட்டும் மிஞ்சினால் வேண்டாம். நிச்சயமான சோதனை இல்லைதான், என் அனுபவத்தில் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. லோடாயில் இன்னும் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஆரம்பி, முதல் நாள் எப்படி இருந்தது, மறுநாள் எப்படி இருந்தது என்று தனித்தனியாக எழுது. மீனாவிடமும் தனியாகக் கேட்டு எழுது, உன்னைவிட அவளுக்கு மூக்கு கூர்மை.

அன்புடன்,
முரளி