மாடு செத்தால் அரசாங்கம் என்ன தரும்?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உத்தரவு வந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து ராபிட் சிட்டியில் நாங்கள் எல்லோரும் நலம்.

அங்கே மாடு செத்தால் அரசாங்கம் என்ன தரும் என்று கேட்டிருந்தாய். நீ கால்நடை டாக்டர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போன வாரம் மீட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு பண்ணையாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். இங்கே பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் 2013 பனிப்புயலில்தான் வந்து நிற்கும்.

அந்த அக்டோபர் 3ஆம் தேதி மழையாகத் தொடங்கி, மறுநாள் பனியாக மாறியது. லீட் ஊரில் நாலடிக்கு மேல் பனி. மாடுகளுக்குக் குளிர்கால முடி இன்னும் வளரவில்லை. கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. நனைந்த உடம்போடு காற்று தள்ளிய பக்கமெல்லாம் நடந்து, வேலியிலும் ஓடைப் பள்ளத்திலும் சிக்கிச் செத்தன. பெரும்பாலும் சினை மாடுகள். மாநில அரசிடம் தெரிவித்த கணக்கே சுமார் 14,000.

கொடுமை என்னவென்றால், பட்ஜெட் சண்டையில் அக்டோபர் 1 முதல் மத்திய அரசே முடங்கியிருந்தது. கவுண்டியின் வேளாண் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கால்நடை இழப்பீட்டுத் திட்டமோ 2011லேயே காலாவதி. புதிய வேளாண் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பணம் தரச் சட்டமும் இல்லை, இழப்பைப் பதிவு செய்ய ஆளும் இல்லை.

ஆனாலும் பண்ணையாளர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு, 'அப்படியே புதைத்துவிடாதே, படம் எடுத்து வை, வெளியாள் ஒருவரிடம் கையெழுத்து வாங்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். நான் போயிருந்த வீட்டுப் பண்ணையாளர் தன் நோட்டைக் காட்டினார். சட்டைப் பைக்குள் அடங்குகிற சிவப்பு அட்டை நோட்டு. தாயின் காது வில்லை எண், கன்று போட்ட தேதி. புயலில் போனவை மேல் பென்சில் கோடு. சில பக்கங்களில் கோடு விழாத வரியே இல்லை. என்னால் அதற்குமேல் புரட்ட முடியவில்லை.

2014 பிப்ரவரி 7 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், 2011 அக்டோபர் வரை பின்தேதியிட்டு இழப்பீட்டுக்கு வழி செய்தது. ஏப்ரல் 15 முதல் மனு வாங்கினார்கள். சந்தை விலையில் 75 சதவீதம். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. அந்த வரம்பை 2018இல் எடுத்துவிட்டார்கள். நோட்டும் படமும் வைத்திருந்தவர்களுக்கு மனு போடுவது சுலபமாக இருந்தது.

என்னைக் கேட்டால், 75 சதவீதத்தைவிடப் பெரிய விஷயம் அந்தச் சட்டம் இத்திட்டத்தை நிரந்தரமாக்கியதுதான். அடுத்த புயலுக்கு யாரும் நாடாளுமன்றத்தின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அந்த ஆறு மாதம் எப்படி ஓட்டினார்கள் என்கிறாயா? மக்கள் நன்கொடையில் ஒரு நிவாரண நிதி திரட்டினார்கள். மொன்டானா பக்கத்துப் பண்ணையாளர்கள் தங்கள் சினைக் கிடேரிகளையே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு, சும்மா! பணத்தைவிட அதைச் சொல்லும்போதுதான் அந்த நோட்டுக்காரரின் குரல் தழுதழுத்தது.

சரி, உன் பக்கம் எப்படி? வெள்ளத்தில் மாடு போனால் நீ சான்றிதழ் கொடுத்த பிறகு பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? அடையாள வில்லை இல்லாத மாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுது, அவரிடமும் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்