முதுகெலும்பு நோய்க்கான 12 வார மருந்தை மானூர்ப் பக்கமே வழங்கக் கோரும் மூன்றாவது மனு

அனுப்புநர்: மானூர் ஒன்றியத்து ஆடு மேய்ப்பவரின் மகள் (பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை உரிய அலுவலகத்தில் இரண்டு முறை கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டுகள் இருக்கின்றன, பதில்தான் இல்லை.

1. சென்ற தை மாதம் எங்கள் கிடையில் ஆறு ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசின. நச்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் புதைத்தவர் என் தகப்பனார். சித்திரையில் மாலைக் காய்ச்சல், வேட்டி நனையும் வியர்வை; பிறகு இடுப்பு வலி.

2. ஸ்கேனில் இடுப்புப் பகுதியின் 4, 5ஆவது கணுக்கள் அரித்திருந்தன. முதுகெலும்புக் காசநோய் என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின் அவருக்கு உண்மையில் இருந்த நோய்க்கும் கேட்கும் மருந்து. காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் நாங்களும் நம்பிவிட்டோம். கடைசியில் ஒரு டாக்டர்தான் “என்ன தொழில்?” என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது புருசெல்லா, ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி. கால்நடைத் துறையினர் கன்று வீச்சு நோய் என்கிறார்களே, அந்த நோய்தான்.

3. டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் குறைந்தது 12 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பும். எங்களுக்கோ ஒரு தடவைக்கு ஏழு நாள் மாத்திரைதான்; அதை வாங்க வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வர வேண்டும். சங்கரன்கோவில் சாலை பஸ் தாங்கள் அறியாததல்ல. என் தகப்பனாரால் உட்கார முடியாது, நிற்கவும் முடியாது. பஸ் தரையில் முழங்காலிட்டு, பின்சீட்டில் மார்பைச் சாய்த்து வருகிறார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்கிறார். “பெரியவருக்கு என்ன, நேர்த்திக்கடனா?” என்று நடத்துநர் கேட்டார். இப்படி வந்து சீட்டை நீட்டினால், சென்ற வாரம் “இருப்பில்லை, திங்கட்கிழமை வாருங்கள்” என்றார்கள். திங்கட்கிழமை வருவதற்கு அவர் என்ன பஸ் முதலாளியா ஐயா?

4. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. மாதத்துக்கு ஒரு முறை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த மாத்திரையையும் அனுப்பினால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

5. கேட்கவில்லை என்றேன், ஒன்று இருக்கிறது. கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் இந்த நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆனால் குட்டி வீசிய எங்கள் ஆடுகளின் ரத்தத்தை இன்றுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த ஆடுகளின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்கள் தெருவில் இருக்கிறார்கள். நேற்று மாலை என் தம்பிக்கும் காய்ச்சல். அவனும் அதே கிடையில்தான் படுக்கிறான்.

ஐயா, மாத்திரையை ஊருக்கே அனுப்ப உத்தரவிடுமாறு மீண்டும் பணிந்து வேண்டுகிறேன். கையிருப்பு வரும் புதன்கிழமை காலையோடு தீர்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)