செயலாளரின் ஆண்டறிக்கை: வெட்டுவது எளிது, வைத்திருப்பதுதான் பாடு

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு உப்புநீர்த் தொட்டிகளில் பவளம் வளர்க்கும் நம் சங்கம், சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி இந்த ஆண்டு முழுவதையும் கடினப் பவளங்களுக்கே ஒதுக்கியது. அதிலும் அக்ரோபோரா, மாண்டிபோரா, செரியாடோபோரா, ஸ்டைலோபோரா போன்ற சின்னப் பாலிப் (பவளத்தைக் கட்டும் குட்டி உயிர்) வகைகள். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வருகை வழக்கம்போலத்தான்: வெட்டிய பவளத் துண்டுகளைப் பங்கிடும் மாதத்தில் உட்கார இடமில்லை, தண்ணீர்ப் பரிசோதனை பற்றிப் பேசிய மாதத்தில் பாதி நாற்காலி காலி.

வெட்டும் பயிற்சி வகுப்பு நன்றாகவே நடந்தது. புயலில் ஒடிந்து விழுந்த கிளையிலிருந்தும் கடலில் வளர்கிற உயிர் இது. முருங்கைப் போத்து நடுவது போலத்தான். புதியவர்கள்கூட எலும்பு வெட்டும் கத்திரியால் இரண்டு, மூன்று செ.மீ. துண்டுகளைச் சுத்தமாக நறுக்கினார்கள். வெட்டியதும் பவளம் சளி கக்கும். அதைத் தனிக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரால் அலசிவிட்டு, அப்புறம் கெட்டியான சயனோஅக்ரிலேட் பசையால் பீங்கான் வில்லையில் ஒட்ட வேண்டும். சளியோடு ஒட்டினால் மறுநாள் துண்டு மணலில் கிடக்கும். ஒட்டிய துண்டை நேராக உச்சி வெளிச்சத்தில் வைக்காமல் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். அடிப்பாகம் வில்லைமீது படர்ந்த பிறகுதான் அக்ரோபோரா மேல்நோக்கி வளரத் தொடங்கும். அதுவரை ‘வளரவில்லையே’ என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

இந்த ஆண்டு செத்த துண்டுகளில் பெரும்பாலானவை வெட்டியதால் சாகவில்லை. ஆல்கலினிட்டி, அதாவது பவளம் கூடு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவு, ஆடியதால் செத்தன. அதை அளக்கும் அலகான டி.கே.எச்.இல் 7 முதல் 9 வரை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வைத்த எண் நகராமல் இருக்க வேண்டும். பலர் கால்சியத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறைகிற நேரத்தில் ஆல்கலினிட்டி 2.8 டி.கே.எச். இறங்கிவிடும். கால்சியம் 420இல் 20 போனால் பரிசோதனைக் குப்பியில் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. ஆல்கலினிட்டி 8இல் 2.8 போனால் தொட்டியே ஆட்டம் காணும். ஆகவே அளப்பதென்றால் முதலில் ஆல்கலினிட்டி, அதுவும் தினமும் ஒரே நேரத்தில்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரு பங்கீட்டுக் கூட்டத்துக்காக ஓர் உறுப்பினர் தன் பெரிய பவளங்களைத் தாராளமாக வெட்டிக் கொடுத்தார். தொட்டியில் பவளம் பாதியாகிவிட்டது, அது கால்சியமும் கார்பனேட்டும் குடிக்கிற அளவும் பாதியாகிவிட்டது. அவற்றைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் மட்டும் பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. ஆல்கலினிட்டி ஏறியது. நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகள் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்த தொட்டி என்பதால் அந்த ஏற்றத்தைத் தாங்கவில்லை. மிச்சமிருந்த கிளைகளின் நுனிகள் வெந்து வெளுத்தன. கொடுத்துவிட்டு வந்த கையோடு பம்ப்பின் அளவைக் குறைத்து, ஒரு வாரம் அளந்து பார்த்துத் திருத்துவது இனி பங்கீட்டு விதிகளில் சேர்கிறது.

பூச்சித் தொல்லையும் இருந்தது. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு அதன் மேலேயே ஒட்டி, அதே நிறத்தில் இருக்கும். வெளிறிய வட்டக் கடித் தழும்புகள்தான் அடையாளம். மருந்துக் குளியலில் புழு உதிரும், முட்டை சாகாது. முட்டைகள் பெரும்பாலும் அடிப்பகுதியின் வெற்று எலும்பில் இருப்பதால், வந்த வில்லையைத் தூக்கி எறிந்து, அடியை நறுக்கிவிட்டுப் புது வில்லையில் ஒட்டுவதே வழி. அதன்பின் தனித்தொட்டியில் வைத்து வாரம் ஒரு குளியல், ஆறு வாரம். ‘நம்ம சங்கத்து ஆள் கொடுத்ததுதானே’ என்று யாருக்கும் சலுகை கிடையாது. இந்த விதிக்கு எதிர்ப்பு இருப்பது செயற்குழுவுக்குத் தெரியும். நான் அதைத் தளர்த்தச் சம்மதிக்க மாட்டேன்.

லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் பணி பற்றி ஒரு கூட்டத்தில் பேசினோம். நிலவொளி, பகலின் நீளம், நீரின் வெப்பம் ஆகியவற்றைக் கடலில் உள்ளபடி மாற்றி மாற்றி, 2013இல் தொட்டிக்குள்ளேயே எதிர்பார்த்த காலத்தில் அக்ரோபோராவை முட்டையிட வைத்தார்கள். 2017இல் முறையை விவரமாக வெளியிட்டார்கள். வீட்டில் நாம் செய்வது அதுவல்ல, வெட்டித்தான் பெருக்குகிறோம். ஒரே தாயின் துண்டுகள் எத்தனை வீட்டில் இருந்தாலும் மரபில் ஒரே உயிர்தான். ஒன்றைக் கொல்லும் வெப்பம் மற்றதையும் கொல்லும், ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே இரவில் ஹீட்டர் பழுதாகாது. இந்த ஆண்டு ஒரு வீட்டில் பழுதானது. விடிவதற்குள் தொட்டி வெந்துவிட்டது. அவர் முன்பே பங்கிட்டிருந்த வகைகளெல்லாம் வேறு வீடுகளிலிருந்து அவருக்குத் திரும்பி வந்தன. ‘பெரிதாகட்டும், அப்புறம் தருகிறேன்’ என்று பொத்தி வைத்திருந்த ஒரு வகை மட்டும் போயே போய்விட்டது.

எனவே செயற்குழு வைக்கும் தீர்மானம்: சங்கத்தின் வழியாக வாங்கும் ஒவ்வொரு வகையும் ஓராண்டுக்குள் இன்னொரு வீட்டிலாவது இருக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்குப் போனது, முதலில் கடலிலிருந்து வந்ததா, தொட்டியில் வளர்ந்ததா என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடினப் பவளங்கள் அனைத்தும் அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் இது வெறும் சங்கக் கணக்கு மட்டுமல்ல. தொட்டியைக் கலைப்பவர்கள் எங்கள் கையில் இந்த விவரத்தைத் தராமல் போவதால் பதிவேட்டில் ஏற்கெனவே ஓட்டைகள் விழுந்திருக்கின்றன.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சங்கத்தின் வைரப்பூச்சு வாள் இயந்திரம் உப்புநீர் அலசப்படாமல் திரும்பி வந்ததால் அச்சில் துரு ஏறிவிட்டது. புதியது வாங்கவும், இனி இரவல் வாங்குபவர் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தே திருப்பித் தர வேண்டும் என்ற விதிக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்