கியூஆர் அட்டையைக் கழற்றினால் விற்றுமுதல் குறையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யுபிஐ வரவுகளைக் கணக்கிட்டு 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து, நம்மூர்க் கடைத்தெருவிலும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. கல்லாவுக்கு அருகில் இருந்த கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டுகிறார்கள். பயம் நியாயமானது, ஆனால் அதற்குக் கண்டுபிடித்த வழி தவறு. பணம் எந்த வழியில் கைக்கு வந்தது என்று ஜிஎஸ்டி சட்டம் பார்ப்பதில்லை. ரொக்கம், யுபிஐ, கார்டு, கடன் நோட்டில் எழுதி வைத்தது எல்லாம் கூடியதுதான் விற்றுமுதல். 2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐயில் அனுப்பினால் ஜிஎஸ்டி உண்டு என்று 2025 ஏப்ரலில் பரவிய செய்தியையும் மத்திய நிதி அமைச்சகம் அப்போதே மறுத்துவிட்டது. வரி விற்பனைக்குத்தான், பணம் அனுப்புவதற்கு அல்ல.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர், ஒரு நிதியாண்டின் விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். சராசரியாக நாளுக்கு 10,959 ரூபாய். சேவைக்கு வரம்பு 20 லட்சம், நாளுக்கு 5,479 ரூபாய். இங்கேதான் டீக்கடையும் மெஸ்ஸும் ஏமாந்துபோகின்றன. கடையில் சமைத்துப் பரிமாறுவது சட்டத்தின் பார்வையில் சேவை. 'நாற்பது லட்சம் வரை கவலை இல்லை' என்று நம்பியிருக்கும் மெஸ்காரர், பாதி வழியிலேயே வரம்பைக் கடந்திருப்பார். உணவு டெலிவரி செயலி வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி 1 முதல் அந்தச் செயலி நிறுவனமே வரி கட்டுகிறது என்றாலும், அந்தத் தொகையும் உணவகத்தின் விற்றுமுதலில் சேரும்.

வரிவிலக்குப் பொருள்களில் இன்னொரு சிக்கல். காய்கறி மட்டுமே விற்பவர் ஆண்டுக்கு 60 லட்சத்துக்கு விற்றாலும் பதிவு வேண்டாம். அதே கடையில் பிஸ்கட்டும் குளிர்பானமும் வைத்து அதில் 2 லட்சம் ரூபாய்தான் விற்கிறது என்றாலும் நிலைமை மாறிவிடும். விலக்குள்ள பொருளும் 40 லட்சக் கணக்கில் சேர்வதால் பதிவு கட்டாயமாகிறது. வரி என்னவோ அந்த 2 லட்சத்துக்கு மட்டும்தான். கடை ஒன்றுக்கு இவ்வளவு என்று வரம்பைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் நடக்கும் எல்லா விற்பனையும் ஒரே கூட்டல்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிப்பதில் பெரிய அனுகூலம் இருக்கிறது. தாண்டிய நாள் முதலே பதிவு செல்லும். அதற்கு முந்தைய நாள் கையில் இருந்த சரக்குக்குக் கொள்முதலில் கட்டிய வரியையும், பதிவு கிடைத்த 30 நாளுக்குள் ஐடிசி-01 படிவம் போட்டு வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கொள்முதல் பில் இல்லாவிட்டால் இது கிடையாது. தாமதித்தால் இடைப்பட்ட விற்பனைக்கு வரி, ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அபராதம் எல்லாம் கைப்பணத்திலிருந்து போகும், ஏனென்றால் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வாங்கியிருக்க மாட்டார். மாதாமாதம் கணக்கு வழக்கு பார்க்க ஆளில்லாதவர்களுக்கு விற்றுமுதல் 1.5 கோடி வரை, அதில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்கவரித் திட்டம் (காம்போசிஷன்) உண்டு: வியாபாரிக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவோ, வெளிமாநிலத்துக்கு விற்கவோ முடியாது.

நோட்டீஸ் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அதில் உள்ள தொகை விற்பனையா, வெறும் வரவா? கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சேமிப்புக் கணக்கு இருந்தால் சீட்டுப் பணம், அண்ணன் அனுப்பியது, நண்பர் திருப்பிக் கொடுத்த கைமாற்று, நகைக்கடன் தொகை எல்லாமே விற்பனை போலத் தெரியும். வங்கி அறிக்கையை எடுத்து வரவு ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதி, விற்பனை அல்லாதவற்றுக்கு ஆதாரம் இணைத்துப் பதில் தர வேண்டும். பதிவு இல்லாதவருக்கு ஏஎஸ்எம்டி-14 படிவத்தில் நோட்டீஸ் வந்தால் பதிலுக்கு 15 நாள் அவகாசம். பேசாமல் இருந்தால் அதிகாரி தம் மதிப்பீட்டின்படியே ஆணை போட்டுவிடலாம். பலரும் நோட்டீஸை மடித்து வைத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருகிறது. கடைக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கும் அதற்குரிய கியூஆர் அட்டையும் இருந்தால் இந்தச் சங்கடத்தில் பெரும்பகுதி வராது.

இணையத்தில் விற்பவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சுடிதார் விற்கும் பெண்மணி, 'நமக்கு எங்கே நாற்பது லட்சம்' என்றே நினைப்பார். பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினால் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. அதற்கு வரம்பு எதுவும் இல்லை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு தளர்வு உண்டு. விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை வந்தது. 40 லட்சத்துக்குள், தம் மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவர் ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணையும் தொழில் முகவரியையும் கொடுத்துச் சேர்க்கை எண் ஒன்று பெற்றால் போதும், முழுப் பதிவு வேண்டாம். ஒரு மாநிலத்துக்கு மட்டுமே அந்த எண் கிடைக்கும்.

பதிவு பெற்ற இணைய விற்பனையாளர்கள் அதிகம் குழம்புவது வங்கியில் வந்து விழும் தொகையில். 18 சதவீத வரி உட்பட 1,180 ரூபாய்க்கு ஒரு பொருள் விற்றதாகக் கொள்வோம். விற்பனைத் தளத்தின் கமிஷன் 150, அதற்கு ஜிஎஸ்டி 27. வரி நீக்கிய 1,000 ரூபாய் மதிப்பில் ஜிஎஸ்டிக்காகத் தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் 0.5 சதவீதம் (2024 ஜூலை 10 முதல்), அதாவது 5 ரூபாய். வருமானவரிக்காக அதேபோல் பிடிக்கும் டிடிஎஸ் 0.1 சதவீதம் (2024 அக்டோபர் 1 முதல்), 1 ரூபாய். கணக்கில் விழுவது 997. இதை விற்றுமுதல் என்று எழுதுவது தவறு, 1,000 என்றே எழுத வேண்டும். டிசிஎஸ் தொகையை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால்தான் ரொக்கப் பேரேட்டில், அதாவது வரி கட்டப் பயன்படும் உங்கள் கணக்கில், சேரும். ஏற்காமல் விட்டால் அங்கேயே கிடக்கும். டிசிஎஸ் திரும்பி வந்த சரக்கைக் கழித்த மதிப்பில் பிடிக்கப்படுகிறது, டிடிஎஸ்ஸோ மொத்த விற்பனையில். அதனால் இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகாது. பதற வேண்டாம், திரும்பிய சரக்கின் பட்டியலை மாதவாரியாக வைத்திருந்தால் விளக்கிவிடலாம். தனிநபரின் ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் தந்திருந்தால் டிடிஎஸ் கிடையாது. இரண்டும் தராவிட்டால் 5 சதவீதம் பிடிப்பார்கள்.

வருமானவரியில் யுபிஐ வியாபாரிக்குச் சாதகமாகவே இருக்கிறது. 44ஏடி என்று இதுவரை அறியப்பட்ட, விற்பனையில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமானத் திட்டத்தில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் காட்ட வேண்டும், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் போதும். 30 லட்சம் யுபிஐயிலும் 8 லட்சம் ரொக்கத்திலும் வந்தால் குறைந்தபட்சம் காட்ட வேண்டிய வருமானம் 2 லட்சத்து 44 ஆயிரம். புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. கியூஆர் அட்டையைக் கழற்றுபவர் இந்தச் சலுகையையும் சேர்த்தே இழக்கிறார்.

வணிகவரித் துறைக்கு ஒரு வேண்டுகோள். வரவுத் தொகையை மட்டும் போட்டு நோட்டீஸ் அனுப்பாமல், எந்தக் கணக்கில், எந்த ஆண்டில், எவ்வளவு என்று பிரித்துத் தமிழில் அனுப்புங்கள். பதிலை எங்கே, எப்படித் தருவது என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள். 40 லட்சம், 20 லட்சம், வெளிமாநில விற்பனை ஆகிய மூன்று விதிகளையும் தங்கள் இதழ் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், கடைச் சுவரில் ஒட்டி வைக்க உதவும்.

இப்படிக்கு,
வரி ஆலோசனைத் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு