நின்றுபோன இடங்கள்: எழுதும் தங்கைக்கு ஓர் ஆண்டிறுதிக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

"இந்த வருஷம் ஒண்ணுமே எழுதலக்கா. மூணு கவிதை வந்துச்சு, அவ்வளவுதான். இதுல என்னத்தத் திரும்பிப் பாக்குறது?" என்று கேட்டிருந்தாய்.

டிசம்பர் வந்தால் எழுதுகிற பிள்ளைகள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. வெளிவந்ததை மட்டும் எண்ணி, எழுதியதை எண்ணாமல் விடுவதால் வருகிற பிழை. அச்சில் இந்த வருஷம் வந்தது பல நேரம் போன வருஷம் எழுதியதாக இருக்கும். இந்த வருஷம் எழுதியது வெளியே வர அடுத்த வருஷம் ஆகலாம். வெளிவந்ததை வைத்து வருஷத்தை அளந்தால் நீ வேறொரு வருஷத்தைத்தான் அளந்துகொண்டிருப்பாய். ஞாபகத்தையும் நம்பாதே. அதற்கு கடைசி இரண்டு மாதம்தான் தெளிவாகத் தெரியும். மார்ச்சில் ஒரு வாரம் விடாமல் எழுதியது அதில் இருக்காது.

வருஷத்தைத் திரும்பிப் பார்ப்பது என்றால் எதை முடித்தோம் என்று பார்ப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எழுத்தில் அதைவிட முக்கியம், எங்கெங்கே நின்றோம் என்பது. முடிந்த கதை உனக்கு என்ன தெரியும் என்று சொல்லும். நின்றுபோன கதைதான் என்ன தெரியவில்லை என்று சொல்லும்.

31ஆம் தேதி இரவு இதற்காக உட்காராதே. அன்றைக்கு எழுதினால் கணக்கு வராது, வருத்தமும் சபதமும்தான் வரும். மூன்று தடவை உட்கார வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி.

முதல் நாள் சேர்ப்பது மட்டும். நோட்டுப் புத்தகங்கள், கைபேசியின் குறிப்புச் செயலி, வாட்ஸ்அப்பில் உனக்கு நீயே அனுப்பிக்கொண்ட வரிகள், குரல் பதிவுகள், கணினியில் "புதியது 2", "கதை கடைசி", "கதை கடைசி உண்மையிலேயே" என்று பெயர் வைத்துக் கிடக்கும் கோப்புகள், பாடப் புத்தகத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் எடு. மின்னஞ்சலில் "அனுப்பியவை" பகுதியை ஜனவரியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார். எதை யாருக்கு எப்போது அனுப்பினாய் என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

அன்றைக்கு எதையும் படிக்காதே. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். படித்தால் திருத்தத் தோன்றும். ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்தாலே கோப்பில் கடைசியாகத் திருத்திய தேதி இன்றைய தேதியாகிவிடும். நீ தேடி வந்த தடயத்தை நீயே அழித்ததாகும். கோப்பை வேறு கணினிக்கு நகலெடுத்திருந்தால் "உருவாக்கிய தேதி" என்று காட்டுவது பெரும்பாலும் நகலெடுத்த நாள்தான். எழுதத் தொடங்கிய நாள் அதுவல்ல. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திற. எந்த நாளில் எழுதினாய், எத்தனை நாள் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாய் என்பது அதில் தெரியும்.

சேர்த்ததை ஒரு தாளில் அட்டவணையாக, ஆறு நெடுவரிசையில் பதிவு செய். தலைப்பு அல்லது முதல் வரி, தொடங்கிய நாள், கடைசியாகத் தொட்ட நாள், சொல் எண்ணிக்கை, இப்போதைய நிலை, நின்ற வாக்கியம். நிலை என்ற இடத்தில் "பரவாயில்லை", "சுமார்" என்றெல்லாம் மதிப்பெண் போடாதே. குறிப்பு, முதல் வரைவு, திருத்தத்தில், அனுப்பியது, திரும்பியது, வெளிவந்தது, நின்றது என்ற ஏழில் ஒன்றாக இருக்கட்டும். நான்கு வரிக் குறிப்புக்கும் ஒரு வரிசை கொடு. "ஒண்ணுமே எழுதல" என்று சொல்கிறவர்களின் தாளிலும் இருபது முப்பது வரிசை சாதாரணமாக வந்துவிடும்.

சொல் எண்ணிக்கையில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. "எழுதிக் கொண்டிருந்தான்" என்று பிரித்தால் கணினிக்கு 2 சொல், "எழுதிக்கொண்டிருந்தான்" என்று சேர்த்தால் 1. ஒரே கதை நீ பிரித்து எழுதும் பழக்கத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும். எது உன் பழக்கமோ அதையே வருஷம் முழுக்க வைத்துக்கொள். ஆங்கிலத்தில் எழுதுகிற தோழியின் 1000 சொல்லோடு உன் 1000 சொல்லை ஒப்பிட்டுச் சோர்ந்துபோகாதே. நம் மொழியில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. அதே விஷயத்தைச் சொல்ல சொற்கள் குறைவாகவே வேண்டியிருக்கும்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலோப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். நாவல் தொடங்கும்போதே வாரவாரியாகப் பிரித்த குறிப்பேடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் பதிந்தார். பக்கம் என்பது கைக்குக் கை மாறும் என்பதால் ஒரு பக்கத்துக்கு 250 சொல் என்று வகுத்துக்கொண்டு எண்ணினார். அவர் இறந்த மறுவருஷம், 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வேகத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அளவுகோலை மாற்றாமல் வைத்திருந்தார் பார், அதை மட்டும் எடுத்துக்கொள்.

இரண்டாம் நாள்தான் உண்மையான வேலை. "நின்றது" என்று குறித்த எல்லாவற்றிலும் கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது. கையால் எழுதுவது நல்லது. உன் அனுமதியோடு, நீ அனுப்பியிருந்த மூன்று அரைகுறைக் கதைகளின் கடைசி வரிகளை இங்கே வைக்கிறேன்:

"கதவைத் திறந்தபோது அப்பா நின்றிருந்தார்."

"அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்."

"அவள் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போலிருந்தது."

தனித்தனியாகப் படித்தபோது நீயே மூன்றுக்கும் வேறுவேறு காரணம் சொன்னாய்: பரீட்சை வந்தது, கரு பலவீனம், மனநிலை சரியில்லை. சேர்த்துப் பார். மூன்றும் ஒருவர் வாய் திறக்க வேண்டிய இடத்துக்கு ஒரு வரி முன்னால் நிற்கின்றன. உனக்குக் கருவில் குறையில்லை. பேச்சு எழுதத் தயக்கம்.

தமிழில் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு இந்தத் தயக்கம் இயல்பாகவே வரும். கதை சொல்வது எழுத்துத் தமிழில், பாத்திரம் பேசுவது பேச்சுத் தமிழில். எந்தப் பேச்சு? அப்பா "வந்துட்டேன்" என்பாரா, "வந்திட்டேன்" என்பாரா, "வந்துட்டன்" என்பாரா? மகளும் அதேபோல் பேசுவாளா, படித்த இடத்தின் பேச்சு ஒட்டியிருக்குமா? இதைத் தீர்மானிக்காமல் உள்ளே போனால் முதல் வரியிலேயே கை நிற்கும். இல்லையென்றால் எல்லோரும் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார்கள், எழுதியவளுக்கே பிடிக்காமல் போகும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சிறு தாள் வை. அவர் அடிக்கடி சொல்லும் பத்து வினைச்சொற்களை எந்த வடிவத்தில் சொல்வார் என்று எழுது. யாரை எப்படி விளிப்பார், கோபத்தில் "நீங்க" "நீ"யாக மாறுமா என்பதையும் எழுது. பிறகு அந்தக் காட்சிக்கு 20 வரி பேச்சு மட்டும் எழுது. "என்றான்", "என்றாள்", முகபாவம், ஜன்னல், மழை எதுவும் கூடாது. யார் பேசுகிறார் என்று பெயரில்லாமலே தெரிந்தால் பாத்திரம் பிடிபட்டுவிட்டது என்று பொருள். அந்த 20 வரியில் மூன்று வரிதான் கதைக்குள் போகும், போகட்டும்.

நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அடிக்கடி பார்ப்பது, விஷயம் தெரியாமல் நிற்பது. "அவர் பட்டறையில் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்" என்று எழுதிய கதை அடுத்த பத்தியைத் தாண்டாது. உன் வரைவுகளில் "ஏதோ" என்ற சொல்லைத் தேடிப் பார். அது கூடிக் கிடக்கும் இடமெல்லாம் உனக்குத் தெரியாத இடம். அந்த வேலை செய்கிறவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கருவிக்கு என்ன பெயர், முதலில் கை எங்கே போகும், அவசரப்பட்டால் எது கெட்டுப்போகும் என்று கேட்டு வந்தால் கதை தானே நகரும். இன்னும் சில கதைகள் முடிவை முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவிட்டதால் நிற்கும். சொன்னபோதே சொல்லும் ஆசை தீர்ந்துவிடுகிறது. சிலது வெகு முன்னால் தொடங்கியதால் நிற்கும். காலை எழுந்து, பல் தேய்த்து, பேருந்து பிடித்து, அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் எழுதுகிறவளுக்கே மூச்சு வாங்கும். முதல் 300 சொல்லைத் தாளால் மறைத்துவிட்டுப் படி. கதை புரிகிறதென்றால் அங்கேதான் தொடக்கம்.

கவிதைக்கு இந்தக் கணக்கு ஓரளவுதான் பொருந்தும். கடைசி வரி முதலில் கிடைத்துவிட்டு, அதற்கு முன்னால் வரிகளைக் கட்டிக்கொண்டு போன கவிதை நின்றிருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் தனியாக எடுத்து வை. மற்றதை விட்டுவிடு.

அதே நாளில் முடிந்த படைப்புகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படி, எழுத்துருவை மாற்றி, முடிந்தால் அச்செடுத்து. நாக்கு தடுக்கிய இடத்தில் ஒரு கோடு. திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடும்போது முழுச்சொல்லைக் கொடுத்துத் தேடாதே. "மௌனம்" என்று தேடினால் மௌனமாக, மௌனத்தில், மௌனங்கள் எல்லாம் தப்பிவிடும். "மௌன" என்று மட்டும் கொடு. "மவுன" என்றும் ஒருமுறை கொடு, எழுத்துக்கூட்டலை நாம் மாற்றி மாற்றி எழுதுவோம். உன் ஐந்து கதைகளில் நான்கில் ஒரு பெண் மௌனமாக ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். எழுத எதுவும் தோன்றாதபோது உன் கை தானாகப் போடும் வாக்கியம் அது. அந்த நான்கு இடத்திலும் அவள் கையால் ஒரு வேலை செய்யட்டும், பித்தான் தைக்கட்டும், கணக்குப் பார்க்கட்டும். அவள் மனசு தானே தெரியும்.

மூன்றாம் நாள், ஒரு நீளத் தாளில் பன்னிரண்டு மாதக் கட்டம் போடு. மேல் வரிசையில் எழுதிய நாட்களைப் புள்ளியாக வை. நடு வரிசையில் படித்த புத்தகங்கள். கீழ் வரிசையில் வாழ்க்கை: பரீட்சை, வீடு மாறியது, உடம்புக்கு முடியாமல் போனது, ஒரு சாவு, ஒரு நட்பு முறிந்தது. ஓரிரு சொல் போதும். மூன்று வரிசையையும் மேலிருந்து கீழாகப் பார். எழுதாத மாதங்களின் அடியில் என்ன இருக்கிறது? சிலருக்குத் துக்கம் எழுத்தை நிறுத்தும், சிலருக்குத் துக்கத்தில்தான் புள்ளிகள் கூடும். பொதுவிதி கிடையாது, உன் தாளை நம்பு. பரீட்சை மாதத்தில் ஒரு புள்ளிகூட இல்லையென்றால் அதைக் குற்றமாகப் பார்க்காதே. அடுத்த வருஷமும் அந்த மாதத்தில் எழுத்து நடக்காது என்பது இப்போதே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நன்றாக எழுதிய நாட்களின் சூழலையும் குறித்துக்கொள். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை 6 மணிவரை ஒரே மூச்சில் ஒரு கதையை எழுதி முடித்ததை நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கால்கள் விறைத்து மேசைக்கு அடியிலிருந்து இழுக்கவே சிரமமாக இருந்தது என்பதுவரை அதில் உண்டு. உனக்கும் அப்படி ஒன்றிரண்டு நாள் இருந்திருக்கும். எந்த நேரம், எந்த இடம், முந்தின நாள் என்ன படித்தாய், கைபேசி எங்கே இருந்தது? இதெல்லாம் திரும்ப ஏற்படுத்திக்கொள்ளக் கூடியவை.

அனுப்பியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிலே வராதது, பொதுவான மறுப்பு, காரணம் சொன்ன மறுப்பு என்று மூன்றாகப் பிரி. மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டிலும் உன் எழுத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை, தேடாதே. முகநூலில் போட்ட கவிதையைப் "பிரசுரமாகாதது" என்று சொல்லி அனுப்பியிருந்தாயா என்றும் பார்த்துக்கொள். பல இதழ்களும் போட்டிகளும் அதை வெளியானதாகவே கணக்கில் எடுக்கும்.

கீழ் வரிசை, அந்த வாழ்க்கை வரிசை, உனக்கு மட்டும். வருஷத்தைப் பற்றி வெளியே ஏதாவது எழுதப் போகிறாய் என்றால் இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாதே. அதில் இருக்கும் மற்றவர்கள் உன்னை நம்பிச் சொன்னவர்கள்.

அடுத்த வருஷத்துக்கு "பத்து சிறுகதை, ஒரு நாவல்" என்று எழுதி வைக்காதே. மேல் வரிசையில் எத்தனை வாரம் புள்ளி இருக்கிறது என்று எண்ணு. 52 வாரத்தில் 19 என்றால் இலக்கு 25. 52 என்று வைத்தால் ஜனவரி மூன்றாம் வாரமே தவறிப்போகும், தவறியதும் மொத்தத்தையும் விட்டுவிடுவாய். அதோடு சீர்செய்ய வேண்டிய குறை ஒன்றே ஒன்று. உனக்கு அது பேச்சு. மௌனமும் ஜன்னலும் அதற்கடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மூன்றில் அப்பா கதையை முதலில் எடு. தொடக்கத்தைத் தொடாதே, தலைப்பை மாற்றாதே. கதவைத் திறந்துவிட்டாய், அவர் நிற்கிறார். அங்கிருந்து 20 வரி பேச்சு மட்டும் எழுதி பொங்கலுக்குள் எனக்கு அனுப்பு. யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை என்றால் இரண்டு விதமாகவும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா