பால் எப்போது காய்ச்சுகிறாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. கால் வலி அப்படியேதான்.

முந்தாநாள் சின்ன மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தோம். பத்திரிகை உறையில் உன் பெயரையும் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வாஸ்து சாந்தி முந்தின ராத்திரியே முடிந்துவிட்டது, நாலரைக்கு முகூர்த்தம். மூன்றாவது மாடிக்குப் பசு எப்படி ஏறும்? கீழே கார் நிறுத்துகிற இடத்திலேயே கோபூஜை. அகத்திக்கீரையை விட்டுவிட்டுக் கன்றுக்குட்டி மாமாவின் புது வேட்டியை மென்றது. விளக்கு அணையும் என்று அத்தை ஜன்னலைத் திறக்கவிடவில்லை, ஹோமப் புகையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். வந்த பரிசில் நான்கு சுவர்க்கடிகாரம். நாங்கள் 1001 மொய் எழுதினோம், உன் பெயரில் தனியாக 501.

பந்தியில்தான் உன் சித்தி சொன்னாள், புனேயில் நீ வாங்கிய வீட்டுக்குச் சாவியும் வந்துவிட்டது என்று. எனக்குத் தெரியுமே என்றேன். சந்தோஷம்தான். நம் வீட்டில் தன் சம்பளத்தில் தனியாக வீடு வாங்கியவர் வேறு யார்? அப்பாவே தாத்தா நிலத்தை விற்றுத்தான் கட்டினார். ஆனால் சித்திக்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு... சரி, விடு.

குடிபோய்விட்டாயா? இல்லையென்றால் இந்த வைகாசிக்குள் போ. ஆனி, ஆடி வேண்டாம், அப்புறம் ஆவணிதான். போய்விட்டாலும் பரவாயில்லை, ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிடு. ஐயர், ஹோமம் எல்லாம் இல்லாவிட்டால் போகிறது. உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், இவைதான் முதலில் உள்ளே போக வேண்டும். வலது காலை எடுத்து வை. பால் பொங்கி வழியட்டும், அடுப்பை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். அன்று ராத்திரி வீட்டைப் பூட்டிவிட்டு வேறெங்கும் போகாதே, அங்கேயே படு.

முந்தாநாள் மாமா குத்துவிளக்கை என் கையில் கொடுத்து முன்னால் போகச் சொன்னார். படியேறும்போதே கை நடுங்கியது. 2019 ஆவணியில் உன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அந்த நிலைக்கதவுக்குப் பணம் கொடுத்தவள் நீ. மாப்பிள்ளை போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீயாக ஆசைப்பட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் அதை வாங்கி அண்ணியிடம் கொடுத்தேன், "நீ பின்னால் வாம்மா" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் சமையற்கட்டுக்குப் போய் வாழை இலை துடைத்தாய். அப்பாதான் அப்படிச் செய்யச் சொன்னார் என்று இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லிவந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்போது கீழே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நானே நினைத்து, நானே செய்தது.

தேதி மட்டும் சொல், டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் குத்துவிளக்கை விளக்கி, பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறேன். நீதான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அங்கே கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? இண்டக்‌ஷன் என்றால் பித்தளைப் பானை சூடேறாது, வேறு பாத்திரம் பார்க்க வேண்டும். அதையாவது எழுது.

அம்மா