பெல் சத்தம் யாருக்குக் கேட்கிறது?

அன்புள்ள கார்த்திக்கு,

நீயும் நித்யாவும் சௌக்கியந்தானே. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

போன வாரம் நீ போனில் சொல்லிச் சிரித்த விஷயம் மனசிலேயே நிற்கிறது. "நித்யாவை நம்பி டீம்ல சேத்தா, பாதியில எந்திரிச்சுப் போயிடுறாம்மா. நாலு பேரா நின்னு அடி வாங்குறோம்" என்றாய். நீங்கள் ஆன்லைனில் ஆடும் அந்த வேலரண்ட் துப்பாக்கிச் சண்டை கேமில் பக்கத்துக்கு ஐந்து பேர், முதலில் 13 சுற்று ஜெயிக்கும் அணிக்கு ஆட்டம், நடுவில் போனால் கொஞ்ச நேரத்துக்கு அடுத்த ஆட்டத்தில் சேரவே விடாது என்பதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதுக்குடா போனா என்று கேட்டேன். "யாரோ பெல் அடிச்சாங்க" என்றாய். அந்த பெல் உன் காதில் விழவில்லையா?

எனக்கு அவள் நிலைமை நன்றாகத் தெரியும். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை ஊரெல்லாம் நின்றதே, அப்போது பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. லிச்செஸ் என்கிற ஆன்லைன் செஸ் தளத்தில்தான் ஆடுகிறேன். விளம்பரம் கிடையாது, காசு கேட்காது. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டு ஆடுவேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆட்டம். எதிராளியின் யானையை வெட்டிவிட்டேன், ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. சரியாக அந்த நேரத்தில் கேஸ்காரர். சிலிண்டரை இறக்கிவிட்டு "ஓடிபி சொல்லுங்கம்மா" என்கிறார். ஓடிபி வந்திருப்பதும் அதே போனில்தான். ஆட்டத்தை மறைத்துவிட்டு மெசேஜைத் தேடி, நம்பர் சொல்லி, சில்லறை தேடி, சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, திரும்பி வந்து பார்த்தால் என் கடிகாரம் ஓடித் தீர்ந்துவிட்டது. தோல்வி என்று போட்டிருக்கிறது. அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாரு வந்தது?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

குக்கர் ஒரு பொருட்டே இல்லை. மூன்று விசிலை எண்ணிக்கொண்டே குதிரையை நகர்த்திவிடலாம். மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்தால்கூட டேங்க் எப்போது நிறையும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆளைக் கவிழ்ப்பது பெல்லும் போன் காலும்தான். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் காத்திருக்கவும் காத்திருக்காது. ஆடுகிறவள் கோபித்துக்கொண்டு போனாளா, கதவைத் திறக்கப் போனாளா என்று கேமுக்கு என்ன தெரியும்? இரண்டுக்கும் ஒரே தண்டனைதான்.

அந்தக் காலத்துச் செஸ்ஸில் ஒரு வசதி இருந்தது. ஆட்டம் நீண்டுகொண்டே போனால், அடுத்த நகர்வை எழுதி உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். 1972-இல் ஐஸ்லாந்தில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய உலகப் போட்டியின் கடைசி ஆட்டமே அப்படி ஒத்திவைக்கப்பட்டதுதான். மறுநாள் ஸ்பாஸ்கி ஆட வரவே இல்லை, போனிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டமே ஒரு ராத்திரி காத்திருந்திருக்கிறது, என் ஆட்டம் ஒரு சிலிண்டருக்குக் காத்திருக்க மாட்டேன் என்கிறது!

ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம் வைத்து ஆடுகிற முறையும் லிச்செஸ்ஸில் இருக்கிறது. ஆடிப் பார்த்தேன். சாம்பார் தாளித்துக்கொண்டே யோசிக்கலாம், குறையொன்றும் இல்லை. ஆனால் அதில் அந்தப் படபடப்பு இல்லையடா. வயசானவள் நிதானமாக ஆடட்டுமே என்று நீ சொல்வாய். எனக்குப் படபடப்புதான் பிடித்திருக்கிறது.

நீ ஆடின காலத்தை நினைத்துப் பார். 2020-இல் ஊரடங்கு, கையில் பப்ஜி. சாப்பிடக் கூப்பிட்டால் "ஆன்லைன்மா, நடுவுல நிறுத்த முடியாது" என்பாய். தட்டு உன் பக்கத்துக்கு வந்தது. கதவை நான் திறந்தேன், லேண்ட்லைனை நான் எடுத்தேன், உன்னைக் கேட்டவர்களுக்கு நானே பதில் சொன்னேன். செப்டம்பரில் அரசாங்கம் தடை போடும்வரைக்கும் ஒரு ஆட்டத்தையாவது நீ பாதியில் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உன் திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் நித்யாவுக்கு அங்கே அப்படி ஒரு ஆள் யார் இருக்கிறார்கள்? அவளும் உன்னை மாதிரியேதான் வாரமெல்லாம் ஆபீஸ் போய் வருகிறாள்.

அதனால் சனிக்கிழமை நீங்கள் உட்காரும்போது ஒன்று செய். அவள் ஆடும் முதல் ஆட்டத்துக்கு நீ வெளியே இரு. பால்காரர், கூரியர், கீழ்வீட்டு மாமி, யார் வந்தாலும் நீ போய்ப் பார். அவள் போன் அடித்தாலும் நீயே எடுத்துப் பேசு. என்ன கேட்டாலும் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகு, அதுதான் கஷ்டம். அடுத்த ஆட்டத்துக்கு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். காலையில் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரைக்கும் பெல் அடித்தால் அவர் பொறுப்பு. முட்டிவலி என்றார். பேப்பர் வாங்க மட்டும் தெருமுனைக்கு நடக்க முடிகிறதே என்றேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறாயே, அதைப் பன்னிரண்டுக்கு மாற்றிக்கொள். நீ கூப்பிட்டால் போர்டே மறைந்துவிடுகிறது.

அன்புடன்,
அம்மா